இந்த வருஷ டூருக்கு ஓடியே போவோமா?



அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டூர் எங்கே என்பதுதான் இப்போது வராண்டா முழுக்கப் பேச்சு. பாதிப் பேர் "தண்ணீர்ச் சறுக்கு உள்ள பூங்கா" என்கிறார்கள். மீதிப் பேர் "எங்கேயாவது கூட்டிட்டுப் போனாப் போதும்" என்கிறார்கள். என் கருத்து இதுதான்: திருச்சியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் கிளம்பி, நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் போவோம். அதில் ஒரு பகுதியை ஓடியே பார்ப்போம். சிரிக்காதீங்க. முழுசாப் படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

முதலில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம். போன வருஷம் பூங்காவுக்குப் போனபோது எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் வரவில்லை. கேட்டால் காய்ச்சல் என்றார்கள். ஒரே நாளில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல் வருமா? பணம் கட்ட முடியவில்லை என்று சொல்வதைவிடக் காய்ச்சல் என்று சொல்வது சுலபம், அவ்வளவுதான். நான் சொல்லும் டூருக்குப் பஸ் வாடகையும் கட்டுச் சோறும்தான் பெரிய செலவு. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஒன்பது பேருக்கும் காய்ச்சல் வராத டூராக ஒன்று வேண்டும் என்பதுதான் என் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், இடம்! கோடை விடுமுறையில் மாமா வேனில் நாங்கள் போய் வந்தோம். நார்த்தாமலையில் மேலமலை என்று ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் விஜயாலய சோழீஸ்வரம். 9ஆம் நூற்றாண்டுக் கோயில். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறையோ வட்டம். வரைகருவிப் பெட்டியை மறந்துவிட்டு வருகிறவர்கள் கண்டிப்பாகப் பார்க்கணும்! எதிரே உள்ள குடைவரை ஒன்றில் ஆளுயரத் திருமால் சிற்பங்கள் 12 வரிசையாக நிற்கின்றன. திரும்பிப் பார்த்தால் கீழே வயலும் குளமும் கட்டாந்தரையுமாக வானம் தொடுகிற வரைக்கும் தெரியும்.

"இதெல்லாம் ஒரு மலையா? கொடைக்கானல்தான்டா மலை" என்று என் நண்பன் சொல்கிறான். உயரத்தில் கொடைக்கானல்தான் பெரிசு, ஒத்துக்கிறேன். ஆனால் இந்தப் பாறை இமயமலையை விடப் பல மடங்கு வயசானது. பனிமூட்டம் இல்லாததால் ஒரு மலை மலையில்லாமல் போய்விடுமா?

இனி சித்தன்னவாசல். பாடப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவுக்குப் படம் போட்டு "புகழ்பெற்ற ஓவியங்கள்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அது ஓவியத்துக்குச் செய்த அநியாயம். ஏனென்றால் அது சுவரில் மாட்டி எதிரே நின்று பார்க்கும் படம் இல்லை. அறிவர் கோயில் முன்மண்டபத்தில் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கத் தாமரைக்குளம். விரிந்த பூ, மொட்டு, இலை, நடுவே மீன், அன்னம், எருமை, யானை. மூன்று பேர் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள். மண்டபத்தின் உயரம் எட்டு, எட்டரை அடிதான். குளம் தலைக்கு மேலே, நாம் தண்ணீருக்கு அடியில்! சமவசரணம் என்னும் சமணர் கதையில் வரும் குளம் இது என்கிறார்கள் அறிஞர்கள். பாறைமேல் சுண்ணாம்புச் சாந்து பூசி அதன்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அது 9ஆம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம்.

இப்போது பெரிய நகரங்களில் வான்கோ ஓவியங்களைச் சுவர், தரை எல்லாவற்றிலும் ஒளியால் விழவைத்து, "ஓவியத்துக்குள்ளேயே நடங்கள்" என்று டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கரண்ட் போனால் அங்கே ஓவியமும் போய்விடும். நம் பக்கத்திலேயே ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாகக் கரண்ட் இல்லாமல் ஒரு குளம் இருக்கிறதே! கருவறையில் நின்று மெதுவாக 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அறை முழுக்க அந்த ஓசை சுற்றும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சரி, ஓட்டம் எதுக்கு? பஸ்ஸில் தூங்கி, இறங்கி, அஞ்சு நிமிஷம் பார்த்து, முறுக்கு வாங்கித் திரும்புவதுதான் நம் டூர் பழக்கம். காலையில் மேடு பள்ளத்தில் ஓடி மூச்சு வாங்கினவன் நிழலில் உட்காருவான். உட்கார்ந்தால்தான் பார்ப்பான். எங்கள் ஓட்டக் குழுவுக்கும் இது நல்ல பயிற்சி. மைதானத்தில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழும். கரடுமுரடான தடத்தில் ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் தன்னைச் சரிசெய்துகொள்ளணும். ஏறும்போது கெண்டைக்கால் இழுக்கும், இறங்கும்போது முன்தொடை வலிக்கும். இறங்கும்போது நீட்டி அடி வைத்தால் சறுக்கும். சின்னச் சின்ன அடிதான் வைக்கணும். (பி.இ.டி. சார் இதைப் படித்தால் எங்களை மறுநாளே மாடிப்படியில் ஏற்றி இறக்குவார். பரவாயில்லை.)

ஒன்று மட்டும் கண்டிப்பு. கோயில் வளாகத்திலும் குடைவரைக்குள்ளும் சின்னங்களின் மேலும் யாரும் ஓடக்கூடாது. காலையில் நார்த்தாமலை அடிவாரத்து மண்தடத்தில் மட்டும் ஓட்டம், பாறை ஏற்றம் நடந்துதான். போட்டி இல்லை, பரிசும் இல்லை. ஓட முடியாதவர்கள் நடக்கட்டும். சித்தன்னவாசல் மலையின் கிழக்குப் பக்கத்தில் ஏழடிப்பட்டம் இருக்கிறது. பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்துப் போவார்களாம், அதனால் அந்தப் பெயர். சமண முனிவர்களின் வழவழப்பான கல் படுக்கைகள் அங்கே 17 உள்ளன. ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. அங்கே வரிசையாக, ஆசிரியர் முன்னே போகத்தான் அனுமதிக்கணும்.

இன்னொன்றும் உண்டு, சொல்லவே வெட்கம். அந்தப் படுக்கைகளில் ஊர் பேர் தெரியாதவர்கள் காதலி பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம்மில் யாராவது பையில் ஆணி வைத்திருந்தால் பஸ் ஏறும் முன்பே ஒப்படைத்துவிடவும்!

பஸ் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பணும். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல். பத்து மணிக்குள் நார்த்தாமலையை முடித்து, ஏழடிப்பட்டம் பார்த்து, மரநிழலில் புளிசாதம். அறிவர் கோயில் மேற்குச் சரிவில் இருப்பதால் பிற்பகலில் வெளிச்சம் நன்றாக இருக்கும். அதைக் கடைசியாக வைக்கலாம். உள்ளே இடம் சிறிசு, பத்துப் பத்துப் பேராகத்தான் போகணும். முதல் பத்தில் ஓவியக்காரர்கள் போகட்டும், அவர்கள்தான் வெளியே வர நேரமாக்குவார்கள்.

தலைமை ஆசிரியர் ஐயா ஒப்புக்கொண்டால் பெயர்ப் பட்டியல் எழுத நான் தயார். போன வருஷம் காய்ச்சல் வந்தவர்கள் பெயரைத்தான் முதலில் எழுதுவேன்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்