அது மலையே இல்லையாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

போன வாரம் என் மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். இங்கிலாந்தில், லண்டனுக்குத் தெற்கே பாக்ஸ் ஹில் என்ற குன்றின் மேல் நான் கைத்தடியோடு நிற்கிற படம். உடனே பதில்கள். "இது மலையா அத்தை? மேடு மாதிரில்ல இருக்கு!" "இந்த வயசுல இது தேவையா?" "புல்லைப் பார்க்கவா அவ்வளவு செலவழிச்சு விசா எடுத்தீங்க?"

என்னைக் கிண்டல் செய்ததில் வருத்தமில்லை. முப்பத்தி நாலு வருஷம் எட்டாம் வகுப்பைச் சமாளித்தவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? ஆனால் இந்தக் கிண்டலுக்குப் பின்னால் ஒரு எண்ணம் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிற எத்தனையோ அம்மா அப்பாக்களை ஆறு மாதமும் ஜன்னலோரத்தில் உட்கார வைப்பது அந்த எண்ணம்தான்.

என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த தோழி ஒருத்தி நான்கு முறை மகன் வீட்டுக்குப் போய் வந்தாள். என்னடி பார்த்தாய் என்று கேட்டேன். "டவர் பிரிட்ஜ், மெழுகு பொம்மை, ஒரு கோயில், ரெண்டு மால். மத்தபடி ஜன்னல்தான்" என்றாள். பேரனைப் பள்ளியில் விட்டாள், கூட்டி வந்தாள், சமைத்தாள், துணி மடித்தாள். அந்த வீட்டிலிருந்து பாக்ஸ் ஹில் காரில் முக்கால் மணி நேரம். ஒருமுறைகூட யாரும் கூட்டிப் போகவில்லை. இப்போது அவளால் விமானம் ஏற முடியாது. அவள் மகனும் என் மாணவன்தான். இதைப் படிப்பான். படிக்கட்டும்.

சரி, உங்கள் சாக்குகளை ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன்.

முதல் சாக்கு: "அது மலையே இல்லை."

பாக்ஸ் ஹில் 224 மீட்டர். பிரைட்டன் பக்கத்து டிட்ச்லிங் பீக்கன் 248 மீட்டர். ஹாம்ப்ஷயரில் உள்ள பட்சர் ஹில் 270 மீட்டர். ஊட்டிக்கு முன்னால் இவை ஒன்றுமில்லைதான். ஆனால் திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர்தானே? அதை மலையில்லை என்று எவனாவது சொன்னதுண்டா? இந்தக் குன்றுகளை அங்கே 'டவுன்ஸ்' என்கிறார்கள். கீழே என்று பொருள் கொள்ளாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் குன்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இவை முழுக்கச் சாக்குக் கல். நாம் வகுப்பில் பிடித்த சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், இது அசல். டைனோசர் காலத்துக் கடலின் அடியில், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கான வருஷம் படிந்து உண்டான பாறை. மிருதுவான கல் என்பதால் குன்றுகள் கூர்முனை இல்லாமல் அலை மாதிரி உருண்டு கிடக்கின்றன. மழை பெய்தால் கல்லே குடித்துவிடும். அதனால்தான் டெவில்ஸ் டைக் என்ற பள்ளத்தாக்கு சுமார் 100 மீட்டர் ஆழம் இருந்தும் அதில் ஓர் ஓடைகூடக் கிடையாது. பாதையில் சக்கிமுக்கிக் கற்கள் கிடக்கும். எடுத்துப் பாருங்கள், புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்தது ஞாபகம் வரும்.

"வெறும் புல்" என்று எழுதிய தம்பிக்கு: ஆடு மேய்ந்து மேய்ந்து குட்டையாகிப்போன அந்தப் புல்தரையில், நல்ல இடமாக இருந்தால், ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்வரை எண்ணலாம். கோடையில் நீல வண்ணத்துப்பூச்சி, தலைக்கு மேலே வானம்பாடி. குனிந்து பார்த்தால் தெரியும், போனைப் பார்த்தால் தெரியாது.

இரண்டாவது சாக்கு: "வயசானவங்களால முடியாது."

யார் அடிவாரத்திலிருந்து ஏறச் சொன்னது? பாக்ஸ் ஹில் உச்சிவரை கார் போகும். பிரைட்டனிலிருந்து டெவில்ஸ் டைக் உச்சிக்கு 77ஆம் எண் பஸ் உண்டு. மேலே போய்விட்டால் முகடு பெரும்பாலும் சமதரைதான். அரை மைல் நடந்து, உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கில் இருக்கும் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பலாம். எனக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். நானே நடந்தேன்.

ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மழை பெய்தால் சாக்கு மண் சோப்பு மாதிரி வழுக்கும், செருப்பும் சேலையும் சரிப்படாது. பாக்ஸ் ஹில்லிலிருந்து மோல் ஆற்றின் படிக்கற்களுக்கு இறங்கும் படிகள் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். செவன் சிஸ்டர்ஸ் கடற்பாறைகளின் விளிம்புக்கு செல்ஃபிக்காகப் போகவே போகாதீர்கள். கீழே ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை சொல்லாமல் கொள்ளாமல் சரியும். இது டீச்சர் உத்தரவு.

மூன்றாவது சாக்கு: "அது வெள்ளைக்காரங்க இடம், நமக்கு அங்க என்ன?"

இதுதான் எனக்குக் கோபம் வரவழைத்த சாக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொது நடைபாதைகள் இருக்கின்றன. தனியார் வயலுக்கு நடுவே போனாலும் அதில் நடக்க எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. அந்தப் பாதைகளை வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும் என்று 1949லேயே சட்டம் போட்டார்கள். மஞ்சள் அம்புக்குறி தெரிந்தால் நடக்கலாம். நிலத்துக்காரர் பிரபுவாகவே இருந்தாலும் விசிட்டர் விசாவில் வந்த கிழவியைத் தடுக்க முடியாது.

இன்னொன்றும் கேளுங்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு பிரைட்டனில் சிகிச்சை கொடுத்தார்கள். அங்கே இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வடக்கே இதே குன்றின் மேல்தான் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு மண்டபம் திறந்தார்கள். பெயர் சத்ரி, குடை என்று பொருள். அதன் வாசல்வரை ரோடு கிடையாது. புல்வெளி வழியே நடந்துதான் போக வேண்டும். கடல் தாண்டி வந்து செத்த நம் பிள்ளைகள் சாம்பலான மண் அது. அங்கே நமக்கு என்ன இருக்கிறது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

கடைசிச் சாக்கு: "நேரமில்லை டீச்சர்."

மாலில் நாலு மணி நேரம் இருந்ததே, தம்பி? வேலை, கடன், குழந்தை எல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்பது ஆறு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அதையும் கார் நிறுத்துமிடத்தில் இறங்கி, படம் எடுத்து, ஏறி ஓடுவதாகச் செய்யாதே. கூட நட. அம்மா மெதுவாக வந்தால் நீயும் மெதுவாக நட. உனக்கு நடை பழக்கியபோது அவள் அப்படித்தான் நடந்தாள்.

அன்று பாக்ஸ் ஹில் உச்சியில் கீழே டார்க்கிங் ஊரும், தூரத்தில் அடுத்த குன்று வரிசையும் தெரிந்தன. என் மகளும் நானும் ஒரு மணி நேரம் பேசினோம். அவள் அப்பா போன பிறகு அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதே இல்லை. வீட்டில் டிவி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பேச்சுதான் இல்லாமல் இருந்தது.

இந்தச் சனிக்கிழமை மழை இல்லையென்றால் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். படம் அனுப்புங்கள், மார்க் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்