தொட்டியைப் பற்றி யார் யோசிப்பது?



அறிவியல் கண்காட்சி வந்தால் போதும், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மாடல் நாலாவது வந்துவிடும். ஒரு பீக்கர், இரண்டு பென்சில் குச்சி, ஒரு பாட்டரி. "நாளைய எரிபொருள்" என்று சார்ட்டில் பெரிசா எழுதிடறோம். சரி, அந்த வாயுவை எதில் பிடித்து வைப்பது? என்னைக் கேட்டால் கஷ்டமான பாதியே அதுதான்.

ஹைட்ரஜன் மூலக்கூறு ரொம்பச் சின்னது. எஃகுக்குள் நுழைந்து அதையே நொறுங்க வைக்கக்கூடியது. அதனால் ஜப்பானில் 2014-ல் டொயோட்டா விற்பனைக்கு விட்ட மிராய் காரின் தொட்டியில் வெளியே கார்பன் இழை, உள்ளே நைலான் உறை. அதற்குள் 700 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு! அந்த அழுத்தத்தில் பிளாஸ்டிக் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நிறமில்லை, மணமில்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மூடிய ஷெட்டில் நிற்கும் வண்டியை நினைச்சுப் பாருங்க.

இங்கேதான் களிமண் வருது. (மண்டையில் களிமண்ணா என்று திட்டு வாங்கியவர்கள் சந்தோஷப்படலாம்!) ஒருவகைக் களிமண்ணைப் பிரித்தால் 1 நானோமீட்டர் கனமுள்ள தகடுகள் கிடைக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிளாஸ்டிக்கில் அவற்றைக் கலந்து உள்சுவரில் பூசினால் வாயு நேராக வெளியேற முடியாது. தேர்க்கூட்டத்தில் புகுந்து போற மாதிரி ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சுற்றிப் போகணும். நைலானில் களிமண் கலக்கும் வித்தையை டொயோட்டாவின் ஆய்வகமே 1980களில் செய்து காட்டியது.

ஆனால் தகடுகள் கட்டிதட்டினால் பயனில்லை. அதிகம் போட்டால் பிளாஸ்டிக் விறைத்து விரிசல் விடும். தொட்டியோ மைனஸ் 40 டிகிரியிலிருந்து 85 டிகிரி வரை தாங்கணும். வேகமாகக் காலி செய்தால், உள்ளே ஊறிய வாயு பிளாஸ்டிக்கில் கொப்புளம் போடும். சும்மா இல்லீங்க!

2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. நாம் இன்னும் பீக்கரிலேயே நிற்கலாமா? அடுத்த கண்காட்சியில் ஒரு மேசையாவது தொட்டிக்குத் தரணும் என்பது என் கோரிக்கை. செலவும் கம்மிதான். ஹீலியம் அடைத்த ரப்பர் பலூன் ஒன்று, பளபளக்கும் அலுமினியப் பூச்சுப் பலூன் ஒன்று. (ஹைட்ரஜன் வேண்டாம், வேதியியல் ஆசிரியர் விடமாட்டார்.) இரண்டையும் பக்கத்துல பக்கத்துல கட்டிட்டு, மறுநாள் காலையில் எது தொங்குதுன்னு வந்து பாருங்க.

- 11-ஆம் வகுப்பு மாணவன், 'அ' பிரிவு