பாட்டு மட்டும்தானா?

நூறு வயதைத் தாண்டியும் மேடையேறிப் பாடிய மனிதர் என்றால் யாருக்கும் ஒரு மரியாதை வரத்தான் செய்யும். யோஹன்னஸ் ஹேஸ்டர்ஸ் அப்படிப்பட்டவர். 1903-ல் நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரத்தில் பிறந்தார். 2011 டிசம்பர் 24 அன்று ஜெர்மனியில் 108 வயதில் இறந்தார். உயரமான கறுப்புத் தொப்பி, கழுத்தில் வெள்ளைத் துண்டு, குழைவான குரல்... ஜெர்மன் ரசிகர்களுக்கு ஹேஸ்டர்ஸ் என்றாலே இதுதான் நினைவுக்கு வரும். லேஹார் இசையமைத்த 'உல்லாச விதவை' இசை நாடகத்தில் டனிலோ என்ற ஒரே வேடத்தை ஆயிரம் தடவைக்கு மேல் நடித்தவர்.

ஆனால் பிறந்த நாட்டில் மட்டும் இவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். ஏன்? அதற்கு இவருடைய சினிமாக் கதையைப் பார்க்க வேண்டும்.

முதல் படம் 1924-ல், ஊமைப்படம். பத்து வருடம் கழித்து, 1934-ல், 'பிளேக்க பெட்' என்ற டச்சுப் பேசும்படம். அதற்கு இரண்டு இயக்குநர்கள். ஒருவர் அலெக்ஸ் பென்னோ, இன்னொருவர் ரிச்சர்ட் ஓஸ்வால்ட். இந்த ஓஸ்வால்ட் ஜெர்மன் சினிமாவில் பெரிய ஆள். 1933-ல் யோசஃப் ஷ்மிட் என்ற யூதப் பாடகரை வைத்து ஒரு வெற்றிப்படம் கொடுத்தவர். அவரும் யூதர். அதே வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களுக்கு ஜெர்மன் சினிமாவின் கதவு மூடப்பட்டது. ஓஸ்வால்ட் வெளியேறினார். அப்படி வெளியேறிய காலத்தில்தான் டச்சுப் படம் எடுத்தார்.

இப்போது இதைப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட இயக்குநரின் படத்தில் நடித்த இளைஞர், அடுத்து போன திசை எது? 1934-ல் வியன்னா மேடை. அங்கிருந்து நேராக பெர்லின்!

1936-ல் ஊஃபா நிறுவனத்தின் 'பிச்சைக்கார மாணவன்', 1937-ல் 'காஸ்பரோனே', 1939-ல் 'ஹலோ ஜனீன்'. மூன்றிலும் உடன் நடித்தவர் மரிக்கா ரோக். மூன்றும் ஆட்டம், பாட்டு, ஆள் மாறாட்டம், கடைசியில் கல்யாணம் என்ற வகைப் படங்கள். ஸ்வஸ்திகா கிடையாது. யூதர்களைத் திட்டும் வசனம் கிடையாது. ஹேஸ்டர்ஸின் ரசிகர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: "அவர் பாட்டுதானே பாடினார்? பிரச்சாரமா செய்தார்?"

கேள்வி நியாயமானது போலத்தான் இருக்கிறது. ஆனால் கோயபல்ஸ் சினிமாவை எப்படிப் புரிந்துவைத்திருந்தார் என்று பார்த்தால் அது நிற்காது. நாள் முழுக்கக் கொடியையும் பேச்சையும் காட்டினால் ஜனங்கள் தியேட்டருக்கு வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் நாஜி ஆட்சியில் வந்த படங்களில் பெரும்பாலானவை நேரடிப் பிரச்சாரம் அல்ல. காதலும் நகைச்சுவையும் பாட்டும்தான். 1937-ல் ஊஃபா அரசாங்கத்தின் கைக்கே போய்விட்டது. போர் வந்த பிறகு, மக்களைச் சிரிக்க வைப்பதும் ஒரு போர்வேலை ஆனது. அந்த வேலையை மிகத் திறமையாகச் செய்தவர்களில் ஒருவர் ஹேஸ்டர்ஸ்.

இவருக்கு எதிர்த்திசையில் போன ஒருவரையும் பார்க்க வேண்டும். கர்ட் கெர்ரோன், பெர்லினில் புகழ்பெற்ற பாடகர், நடிகர். 1930-ல் வந்த 'நீல தேவதை' படத்தில் மார்லீன டீட்ரிஷுடன் நடித்தவர். யூதர் என்பதால் ஓடி, கடைசியில் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தார். அங்கே டச்சுப் படங்களை இயக்கினார். 1940 மே மாதம் ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. வெஸ்டர்போர்க் முகாம், பிறகு தெரேசியன்ஸ்டாட் முகாம். அங்கே நாஜிகளுக்காக ஒரு பொய்ப்படம் எடுக்க வைத்தார்கள். 1944 அக்டோபரில் ஆஷ்விட்சில் கொன்றுவிட்டார்கள்.

ஹேஸ்டர்ஸ் நடித்த 'வௌவால்' போரின் கடைசிக் கட்டத்தில் வண்ணத்தில் எடுக்கப்பட்ட படம். பார்வையாளர்கள் அதைப் பார்த்தது போர் முடிந்தபின், 1946-ல். ஒரே தொழில், ஒரே காலம். ஒருவருக்கு மாளிகை செட், இன்னொருவருக்கு விஷவாயு அறை.

டாகாவ் விவகாரம் இதற்கு மேல். 1941-ல் ம்யூனிக் நாடகக் குழுவோடு ஹேஸ்டர்ஸ் டாகாவ் வதைமுகாமுக்குப் போனார். போனதை அவரே மறுக்கவில்லை. அங்கே காவல் படையினருக்காகப் பாடினாரா என்பதுதான் சண்டை. பாடினார் என்றார் எழுத்தாளர் ஃபோல்க்கர் கூன். பாடவே இல்லை என்று ஹேஸ்டர்ஸ் வழக்குப் போட்டார். 2008 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.

பத்திரிகைகள் இந்த ஒரு நாளைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதின. உண்மையில் அது சின்னக் கேள்வி. அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், மற்ற நாட்களில் எல்லாத் தியேட்டரிலும் அதே ஆட்சிக்காகத்தானே அந்தக் குரல் ஒலித்தது?

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் யாரையும் கொல்லவில்லை. போர்க்குற்றவாளி என்று யாரும் சொல்லவும் இல்லை. 1953-ல் ஓட்டோ ப்ரெமிங்கர் தன் படத்தின் ஜெர்மன் வடிவத்தில் அவரையே நடிக்க வைத்தார். ப்ரெமிங்கர் வியன்னாவை விட்டு அமெரிக்கா போன யூதர்! அவரே மன்னித்துவிட்டாரே என்று கேட்கலாம். ஆனால் ஒருவர் சேர்ந்து வேலை செய்ததை எல்லோரும் கொடுத்த மன்னிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

"அந்தக் காலத்தில் வேறு என்ன செய்ய முடியும்?" என்ற வாதம் ஜெர்மன் நடிகர்களுக்கு ஓரளவு பொருந்தலாம். ஹேஸ்டர்ஸ் டச்சுக்காரர். 1940 மே வரை அவருடைய சொந்த நாடு சுதந்திர நாடு. ரயில் ஏறினால் வீடு. 1936-லும் திரும்பியிருக்கலாம், 1938-லும் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை, ஏனென்றால் அங்கே நட்சத்திர அந்தஸ்து கிடைத்தது. 'உல்லாச விதவை' ஹிட்லருக்கு மிகவும் பிடித்த நாடகம், அதில் டனிலோவாக இவரை ரசித்தவர்களில் ஹிட்லரும் ஒருவர்.

டச்சு மக்கள் இதை மறக்கவில்லை. 1964-ல் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தில் கேப்டன் வான் ட்ராப்பாக ஆம்ஸ்டர்டாமில் நடிக்க வந்தபோது கடும் எதிர்ப்பு. அந்த வான் ட்ராப் யார்? நாஜிகளுக்கு வேலை செய்ய மறுத்து, நாட்டை விட்டுப் போகிறவர்! 2008-ல், 104 வயதில், ஆமர்ஸ்ஃபோர்டில் பாடியபோதும் வெளியே ஆர்ப்பாட்டம். அந்த ஊரிலேயே போர்க்காலத்தில் நாஜி முகாம் ஒன்று இருந்தது. நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 104 வயதுக் கிழவரிடம் இன்னுமா கோபம் என்று கேட்பது சுலபம். அந்தக் குடும்பங்களில் 104 வயது வரை இருக்க எத்தனை பேரை விட்டுவைத்தார்கள்?

அதற்காக அவருடைய படங்களைத் தடை செய்ய வேண்டும் என்பதில்லை. 'காஸ்பரோனே' கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள், பாட்டுகள் நன்றாகவே இருக்கும். பார்த்து முடித்த கையோடு கர்ட் கெர்ரோன் நெதர்லாந்தில் எடுத்த படங்களில் ஒன்றையும் தேடிப் பாருங்கள். ஹேஸ்டர்ஸ் பாடினது பாட்டு மட்டும்தானா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.