நான் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த ஒரு தப்பு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். ஸ்கூலில் என் போர்டு எழுத்தைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பு. என்னிடம் தமிழ் படித்த எல்லாருக்கும் ஜி.யு. போப் ஞாபகம் இருப்பார். 1839-இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர், நம்ம சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர், 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்துவேன். "என் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதி வையுங்கள் என்றார். அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்" என்பேன். கடைசி பெஞ்சு கூட அமைதியாகிவிடும். எத்தனையோ தடவை அதை ஒரு மார்க் கேள்வியாகவும் போட்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, கல்லறையில் அந்த வரி கிடையாது.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, லீவு நாளில் ஆக்ஸ்போர்டுக்குப் போய் அந்தக் கல்லறையைத் தேடியிருக்கிறாள். செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம் என்று பேர். 1848-இல் திறந்தது. வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ அனுப்பி, கூடவே குரல் பதிவு: "டீச்சர், நீங்க சொன்ன இடத்துலதான் நிக்கேன். கல்லைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டேன். அந்த வரியைக் காணலையே டீச்சர்."

போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். தென்னிந்தியாவின் போப், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் குருவானவர் என்று இருக்கிறது. பிறந்தது 24 ஏப்ரல் 1820, இறந்தது 11 பிப்ரவரி 1908. அதற்குக் கீழே, இந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் அன்போடு வைத்தார்கள் என்கிற கருத்தில் ஒரு வாசகம்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. எனக்கு என் டீச்சர் சொன்னது. அவர்களுக்கு யார் சொன்னார்களோ. ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் யோசித்தபோது, கல்லில் இருக்கிற உண்மை நான் சொன்ன கதையைவிட நன்றாக இருப்பதாகப் பட்டது. அந்தக் காலத்தில் நம்ம பக்கத்து ஆட்கள் கடல் தாண்டி ஒரு கல் வைக்கக் கை கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேனே என்றுதான் இப்போது வருத்தம்.

அந்தத் தோட்டத்தை ஊர்க்காரர்களே சேர்ந்து பராமரிக்கிறார்களாம். எந்தக் கல்லுக்கு அடியில் யார், அவர் என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகத் தேடி எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய பேராசிரியர் பக்கத்திலேயே ஒரு கடைக்காரர் இருப்பாராம், இரண்டு பேருக்கும் வரலாறு உண்டு. கல்லறைகளுக்கு நடுவே நடந்துகொண்டே தன் ஊரைத் தெரிந்துகொள்வது அங்கே பெரியவர்கள்கூட ஆசையோடு போகிற வகுப்பு. இதை என் மதினியிடம் சொன்னபோது, "அவங்களுக்கு வேற சோலி இல்லையா? பிள்ளைகளைச் சுடுகாட்டுக்கா கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டார்கள்.

மதினிக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நமக்கும் சுடுகாட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்ல நெல்லைச் சீமைக்காரர்களுக்கு வாய் வரக்கூடாது. சுடலைமாடனைக் கும்பிடுகிற ஊர்கள் நாம். மாசானம் என்று பிள்ளைக்குப் பேர் வைத்தவர்கள் நாம். கொடை நடக்கும்போது ராத்திரி முழுக்க உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறோம். அதில் என்ன வருகிறது? இந்த ஆள் யார், எந்த ஊர், யாரைக் கட்டினான், எப்படிச் செத்தான், ஏன் சாமியானான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். பிராமணனாகப் பிறந்து சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கட்டி, மாமனாரோடு செருப்புத் தைத்து, அவர் மாடுகளைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்த முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். அந்தக் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை புத்தகமாகவே பதிப்பித்திருக்கிறார். எந்தப் பாடப் புத்தகம் இதை நம்ம பிள்ளைகளுக்கு இத்தனை தெளிவாகச் சொல்லியது? வில்லுக்காரர் சொன்னார். செத்தவன் நிற்கிற இடத்திலேயே வைத்துச் சொன்னார்.

கல்லறையும் முழு வரலாறு சொல்லிவிடாது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் 1801 சண்டையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன. ஊமைத்துரையோடு நின்று அங்கே செத்தவர்களுக்குக் கல் எங்கே? அவர்கள் கோட்டையையே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். நம்ம ஆட்கள் கும்மியிலும் கதைப்பாட்டிலும்தான் மிஞ்சினார்கள். அதனால்தான் சொல்கிறேன், கல்லையும் பார்க்க வேண்டும், பாட்டையும் கேட்க வேண்டும், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க வேண்டும். நான் போப் விஷயத்தில் பாட்டை மட்டும் கேட்டேன்.

இப்போது நான் செய்துகொண்டிருக்கிற வேலையைச் சொல்கிறேன். மூன்று மாதமாகச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வகுப்பு. தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர், என் பேரன் பேத்தி இரண்டு பேர். மறுநாள் காலையில் நடை. ஃபீஸ் கிடையாது, சுண்டல் உண்டு. முதல் வாரம் நம்ம நரசிம்மர் கோயில். தினமும் பார்க்கிற பிள்ளைகள்தான், ஆனால் சாமிக்குப் பதினாறு கை என்று எண்ணிப் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் குளத்தங்கரை. மூன்றாவது வாரம் பஸ் ஏறித் தென்காசி. 1446-இல் அந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னால் இதைப் பழுதுபார்த்துக் காப்பாற்றப் போகிறவர்கள் காலில் விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். "ராஜா நம்ம காலிலயா ஆச்சி விழுதாரு?" என்று பேரன் கேட்டான். நீ கோயிலைக் காப்பாற்றினால் உன் காலிலும்தான் என்றேன். அன்றைக்குச் சாப்பிட்ட பிஸ்கட் கவரைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு வீடு வந்தான்.

நாலாவது நடைதான் சுடுகாடு.

சொந்தக்காரர்களுக்குத் தெரியும், எங்க அப்பா 1989-இல் தவறினாங்க. நான் மூத்த பிள்ளை. சம்பளம் வாங்கிக் குடும்பத்தைப் பார்த்தவள். ஆனால் அன்றைக்குத் தெரு முக்கோடு என்னை நிறுத்திவிட்டார்கள். பொம்பளைப் பிள்ளை அதற்கு மேல் வரக்கூடாது. தேர் திரும்புகிற வரைக்கும் பார்த்தேன், அவ்வளவுதான். மறுநாள் காடாத்துக்கும் ஆம்பிளைகள்தான் போனார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஊர் வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் அப்பாவை எரித்த இடம் எந்தத் திசையில் என்று தெரியும், எப்படி இருக்கும் என்று தெரியாது. அறுபது தாண்டி, பதினொரு பிள்ளைகளோடு போய்த்தான் அதைப் பார்த்தேன். ஒரு தகரக் கொட்டகை, ஒரு அடிபம்பு, ஒரு வேப்பமரம். பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்துவிட்டு அவர்களாகவே சத்தம் போடாமல் இருந்தார்கள்.

அங்கே வேலை பார்க்கிற அண்ணாச்சி நிழலில் உட்காரச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினார். கொரோனா நாட்களில் சொந்தம் யாரும் வராமல் வந்த உடல்களுக்கு அவரே கொள்ளி வைத்ததைச் சொன்னார். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதினார்கள். இந்த மாவட்டத்தின் கொரோனா கால வரலாற்றை யாராவது எழுதப் போனால், அந்த ஆளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவரைப் பேர் சொல்லி 'ஏ' போட்டுக் கூப்பிட்ட என் தலைமுறைக்கு இது தோன்றவில்லை.

திரும்பி வரும்போது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "டீச்சர், எங்க அம்மா ஊர்ல ரெண்டு சுடுகாடு இருக்கு. எதுக்கு ரெண்டு?" நம்ம ஜில்லாவில் மட்டுமா, தமிழ்நாட்டில் எத்தனையோ ஊரில் இதே கேள்வியைக் கேட்கலாம். சாதிதான் காரணம் என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பிள்ளையின் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அவரும் என் பழைய மாணவர்தான். "டீச்சர், கோயில், கல்வெட்டுன்னு சொல்லிக்குடுங்க, சந்தோஷம். இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்றார் மரியாதையாகத்தான். காபி கொடுத்து உட்கார வைத்தேன். "சின்னப் பிள்ளைதாம்ல கேட்டுது" என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. இரண்டு வாரமாக அவர் பிள்ளை வரவில்லை. இந்தப் பதிவை அவர் படிப்பார் என்று தெரியும். தம்பி, அவள் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

என் கட்சி இதுதான். ஊர் வரலாறு என்று நாம் நடத்தினது பெரும்பாலும் புகழ்ச்சி. எங்க ஊர் பெரிய ஊர், எங்க கோயில் பழைய கோயில். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோயில் வாசலில் தொடங்கிக் கோயில் வாசலிலேயே முடிகிற வகுப்பில் அந்தப் பிள்ளையின் கேள்வி எழும்பியிருக்காது. பெண்கள் ஏன் முக்கோடு நின்றார்கள் என்பதும் வந்திருக்காது.

இது நடக்காத காரியமும் இல்லை. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து, பிள்ளைகளே கல்வெட்டு படிக்கப் பழகினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தான். உங்களில் வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் இருபது பேராவது இருப்பீர்கள், உங்கள் பள்ளியில் அந்த மன்றம் பேருக்கு இருக்கிறதா, நடக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்திலேயே போக எத்தனை இடம். பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் ரேனியஸ் ஐயர் கல்லறை இருக்கிறது. 1838-இல் இறந்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் 'பூமி சாஸ்திரம்' எழுதி 1832-இல் அச்சிட்டவர், நம்ம தொழில்காரர். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆதிச்சநல்லூர். நூறு ஏக்கருக்கு மேல் தாழிக்காடு. 1876-இல் ஜாகோர் என்கிற ஜெர்மன்காரர் தோண்டி எடுத்துக்கொண்டு போனது பெர்லினுக்கு, பிறகு அலெக்சாண்டர் ரீ எடுத்தது சென்னை மியூசியத்துக்கு. இப்போதுதான் தோண்டின குழியிலேயே தாழிகளை விட்டு, மேலே கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழி. அதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற அம்மா அப்பாக்கள் யாரும் தீட்டு என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு இடுகாடுதானே? மூவாயிரம் வருஷம் ஆனால் தீட்டு போய்விடும்போல.

இரண்டு வேலை தருகிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, போப் கல்லறை பற்றி நான் சொன்னதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தால் இன்றைக்கே திருத்திச் சொல்லுங்கள். டீச்சர் தப்பாகச் சொன்னாள் என்று தாராளமாகச் சொல்லலாம். இரண்டு, உங்கள் வீட்டு மூத்தவர்கள் எங்கே அடங்கினார்கள் என்று கேட்டு ஒரு பேப்பரில் குறித்து வையுங்கள். சொல்லத் தெரிந்த ஆள் இன்னும் எத்தனை நாள் இருப்பாரோ.

அடுத்த ஞாயிறு அடைக்கலபுரம் போகிறோம். காலை ஆறரைக்கு என் வீட்டு வாசலில் நிற்கணும். தண்ணீர் பாட்டில், நோட்டு, தொப்பி கொண்டு வாங்க. திரும்பி வந்ததும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரணும் என்று ஆச்சிமார் சொல்லுவார்கள். சொல்லட்டும், அந்த வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் எப்படியும் குளிக்கத்தானே வேண்டும்.