கேம் புரோகிராமர் வேலை: சம்பளம் யார் பாக்கெட்டிலிருந்து வருகிறது?

வீடியோ கேம் விளையாடாத கல்லூரி மாணவர்கள் இன்று குறைவு. விளையாடுகிறவர்களில் சிலருக்காவது "இதை நாமே செய்தால் என்ன?" என்று ஒருநாள் தோன்றிவிடுகிறது. அதை வெளியில் சொன்னால் இரண்டு விதமான பதில்கள் வரும். வீட்டில், "விளையாட்டெல்லாம் ஒரு வேலையா?" என்பார்கள். கேம் கோர்ஸ் விற்கிறவர்கள், "கோடிக்கணக்கானோர் விளையாடும் நாடு இது, எதிர்காலமே இதில்தான்" என்பார்கள். (கட்டண விவரம் அடுத்த பக்கத்தில்!)

முதல் பதில் தவறு. இரண்டாவது பதில் பாதி உண்மை. கோடிக்கணக்கானோர் விளையாடுவது நிஜம்தான். ஆனால் விளையாடுகிறவர் வேறு, பணம் கொடுக்கிறவர் வேறு. இந்தியா போன்ற வளரும் சந்தையில் இந்த இருவருக்கும் நடுவே உள்ள தூரம் மிக அதிகம். எனவே இந்தத் துறைக்கு வர நினைக்கும் ஒருவர் "எந்த லாங்குவேஜ் படிக்கலாம்?" என்று கேட்பதற்கு முன்னால், "சம்பளம் கடைசியில் யார் பாக்கெட்டிலிருந்து வருகிறது?" என்று கேட்டாக வேண்டும். கல்விக் கடன் வாங்கிப் படித்த ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

அது என்ன வேலை?

கேம் புரோகிராமர் என்றால் நாள் முழுக்க கேம் விளையாடுகிறவர் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மையில் அது கணக்கும் இயற்பியலும் கலந்த கடினமான வேலை. ஒரு கேம் நொடிக்கு 60 படங்களைத் திரையில் காட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 16.6 மில்லி நொடி. அதற்குள் விளையாடுபவர் எந்தப் பட்டனை அழுத்தினார் என்று பார்க்க வேண்டும், பாத்திரங்களை நகர்த்த வேண்டும், எது எதோடு மோதியது என்று கணக்கிட வேண்டும், எதிரி அடுத்து என்ன செய்வான் என்று முடிவு செய்ய வேண்டும், எல்லாவற்றையும் வரைந்தும் முடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் திரை திக்கும். அலுவலக மென்பொருள் அரை நொடி தாமதமாகப் பதில் சொன்னால் யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கேமில் அரை நொடி என்பது 30 படங்கள்!

ஆகவே வெக்டர், மேட்ரிக்ஸ், சி பிளஸ் பிளஸ், மெமரி எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படைகள் இல்லாமல், யூனிட்டி மென்பொருளில் எந்த மெனு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்தவர் இந்தத் துறையில் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பது கஷ்டம். சரி, பணத்துக்கு வருவோம். இந்தியாவில் கேம் புரோகிராமரின் சம்பளம் நான்கு பாக்கெட்டுகளில் ஏதாவது ஒன்றிலிருந்துதான் வருகிறது.

முதல் பாக்கெட்: வெளிநாட்டு நிறுவனம்

இந்தியாவின் முதல் கேம் நிறுவனங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் துருவா இன்டராக்டிவ் 1997ல் பெங்களூரில் தொடங்கியது. வெளிநாட்டு கேம்களுக்கான வேலைகளைச் செய்து கொடுத்தே அது வளர்ந்தது. யூபிசாஃப்ட் 2008ல் புனேயிலும் 2018ல் மும்பையிலும் கால் வைத்தது. ராக்ஸ்டார் பெங்களூரில் இருக்கிறது, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாதில் இருக்கிறது. மாதச் சம்பளம் ஒழுங்காக வரும் இடங்கள் இவை. பல லட்சம் வரிகள் கொண்ட நிரலை எப்படிக் கட்டி மேய்ப்பது என்பதை இங்கேதான் கற்க முடியும்.

குறை என்ன? செய்த பொருள் செய்தவருக்குச் சொந்தமில்லை. துருவாவின் பெரும்பான்மைப் பங்கை 2019ல் ராக்ஸ்டார் வாங்கியபோது கொடுத்த விலை சுமார் 79 லட்சம் டாலர். அப்போது அந்த நிறுவனத்துக்கு வயது 22, ஊழியர்கள் 300க்கும் மேல். மைன்கிராஃப்ட் கேமை வைத்திருந்த சுவீடனின் மோஜாங் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2014ல் வாங்கிய விலை 250 கோடி டாலர். மைன்கிராஃப்ட் போன்ற வெற்றி எல்லோருக்கும் வராது என்பதால் இந்த ஒப்பீடு முழுக்க நியாயமில்லைதான். ஆனாலும் உழைத்த நேரத்தை விற்பதற்கும், உருவாக்கிய பொருளைக் கையில் வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

இன்னொரு உதாரணம். 2020ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமை மீண்டும் உருவாக்கும் பொறுப்பு யூபிசாஃப்டின் புனே, மும்பை கிளைகளிடம் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் வரைகலையைக் கேலி செய்தார்கள், வெளியீடு தள்ளிப்போனது, 2022ல் பொறுப்பு கனடாவின் மாண்ட்ரியல் கிளைக்கு மாற்றப்பட்டது. இதை வைத்து இந்தியர்களுக்குத் திறமை போதாது என்று சொல்வது சுலபம், ஆனால் தவறு. ஆண்டுக்கணக்கில் அடுத்தவர் கேமில் ஒரு பகுதியை மட்டும் செய்து பழகிய ஓர் இடத்துக்கு, ஒரு பெரிய கேமை முதலிலிருந்து கடைசி வரை கொண்டுபோகும் அனுபவம் எங்கிருந்து வரும்? அந்த அனுபவம் இல்லை என்பதுதான் இந்தத் துறையின் பெரிய பற்றாக்குறை.

இரண்டாவது பாக்கெட்: பந்தயம் கட்டுகிறவர்

சில ஆண்டுகள் முன்பு வரை இந்தியாவில் 'கேமிங்' நிறுவனம் என்று செய்தித்தாளில் படித்தால், அது பெரும்பாலும் ரம்மி, போக்கர், ஃபேன்டஸி கிரிக்கெட் நடத்தும் நிறுவனமாகவே இருந்தது. நல்ல சம்பளம் கொடுத்தார்கள். திறமையான புரோகிராமர்கள் பலர் அங்கே போனார்கள்.

2023 அக்டோபரில் கட்டிய பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு எதிரான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மக்களவையில் ஆகஸ்ட் 20, மாநிலங்களவையில் ஆகஸ்ட் 21, குடியரசுத் தலைவர் ஒப்புதல் ஆகஸ்ட் 22. மூன்றே நாள்! டிரீம்11, எம்பிஎல் உள்ளிட்ட நிறுவனங்கள் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை உடனே நிறுத்தின. ஆட்குறைப்பும் தொடர்ந்தது. ரம்மியில் பணத்தையும் சில சமயம் உயிரையும் இழந்த குடும்பங்களைப் பார்த்த தமிழ்நாட்டில் அந்தத் தடைக்காக அழுகிறவர்கள் குறைவு. அழ வேண்டியதும் இல்லை. ஆனால் அங்கே வேலை பார்த்த புரோகிராமருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: ஒரு கையெழுத்தில் மூடக்கூடிய பாக்கெட்டை நம்பி வீட்டுக் கடன் வாங்கக் கூடாது.

மூன்றாவது பாக்கெட்: விளம்பரதாரர்

மும்பையின் கேமிஷன் நிறுவனம் 2016ல் வெளியிட்ட லூடோ கிங், 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ஓடியது. இலவசமாக ஆடலாம், நடுவில் விளம்பரம் வரும். இந்தியாவில் அதிகம் ஓடும் மாதிரி இதுதான். ஆனால் ஆயிரம் முறை விளம்பரம் காட்டினால் அமெரிக்காவில் கிடைக்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான் இந்தியாவில் கிடைக்கும். ஆகவே ஆட்கள் மிக மிக அதிகமாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதற்கு விளம்பரம் செய்யவே பெரும் முதல் வேண்டும். முதல் இல்லாத இரண்டு பேருக்கு இது எளிய வழி அல்ல.

நான்காவது பாக்கெட்: விளையாடுகிறவர்

மிகவும் மரியாதையான பாக்கெட் இதுதான், இந்தியாவில் மிகவும் ஒல்லியானதும் இதுதான். யுபிஐ வந்த பிறகு பத்து ரூபாய், இருபது ரூபாய் செலவழிப்பது சுலபமாகிவிட்டது. பிஜிஎம்ஐ போன்ற கேம்களில் உடைக்கும் துப்பாக்கி அலங்காரத்துக்கும் பிள்ளைகள் காசு கொடுக்கிறார்கள். ஆனால் அது போய்ச் சேருவது தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனத்துக்கு.

சரி, மூன்று நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்தால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு மாதம் 30,000 ரூபாய் வாழ்க்கைச் செலவு, இரண்டு ஆண்டுகள் உழைப்பு. மொத்தம் 21,60,000 ரூபாய். கேமின் விலை 500 ரூபாய் என்று வைத்தால் ஸ்டீம் தளம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டு 350 கொடுக்கும். போட்ட காசு மட்டும் திரும்ப வரவே சுமார் 6,170 பிரதிகள் விற்க வேண்டும். தள்ளுபடியில் பாதி விலைக்கு விற்றால் 12,340க்கும் மேல். வரி, கம்ப்யூட்டர், இசை, பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் எல்லாம் இதில் சேரவில்லை. அந்த இரண்டு ஆண்டுகள் வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளம், அதாவது வாய்ப்புச் செலவு, அதுவும் சேரவில்லை.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்லும் கணக்கு அல்ல. புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு 'ராஜி' என்ற கேமுக்காக 2017ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்ட முயன்று தோற்றது. நிறுவனர்களில் ஒருவர் தன் வீட்டையே விற்று வேலையைத் தொடர்ந்தார். பிறகு வெளியீட்டாளர் கிடைத்து 2020ல் கேம் வந்தது, அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுக கேமுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பிடித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் விற்க வீடு இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வியும் அங்கேயே நிற்கிறது.

பாக்கெட் மாறினாலும் மாறாதது எது?

மேலே பார்த்த நான்கில் ஒன்றுகூட நிரந்தரம் இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களும் ஆட்களைக் குறைக்கின்றன. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் மட்டும் தன் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. எனவே எந்த பாக்கெட் மூடினாலும் அடுத்த இடத்துக்குக் கையோடு கொண்டுபோகக்கூடிய திறமை ஒன்று வேண்டும். அந்தத் திறமை வளரும் நாட்டுக்காரரின் கைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. விலை குறைந்த போன்!

ஃப்ரீ ஃபயர் எப்படி ஜெயித்தது? வியட்நாமின் 111டாட்ஸ் ஸ்டுடியோ உருவாக்கி, சிங்கப்பூரின் கரேனா 2017ல் வெளியிட்ட கேம் அது. பப்ஜி தடுமாறிய மலிவு போன்களில் அது ஓடியது. பிரேசிலும் இந்தியாவும் இந்தோனேசியாவும் அதைக் கொண்டாடின. 2019ல் உலகிலேயே அதிகம் தரவிறக்கம் செய்யப்பட்ட மொபைல் கேம் அதுதான். அதே ஆண்டு குறைந்த ரேம் உள்ள போன்களுக்காக பப்ஜியும் 'லைட்' பதிப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

2 ஜிபி ரேம் போனில், சூடாகி வேகம் குறையும் பிராசஸரில், ரயிலில் போகும்போது விட்டு விட்டு வரும் நெட்டில் ஒரு கேமைத் திக்காமல் ஓட்டுவது பெரிய வித்தை. படங்களைச் சுருக்குவது, ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி மெமரியை மிச்சம் பிடிப்பது, நெட் நின்று வந்தாலும் ஆட்டத்தை விட்ட இடத்தில் பிடிப்பது ஆகியவற்றைக் கற்க பணக்கார நாட்டுப் புரோகிராமர் தனியாக ஒரு பழைய போன் வாங்க வேண்டும். இங்கே அது மாணவரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இன்னொரு வழி, கருவி செய்வது. கோடோ என்ற கேம் என்ஜினை உருவாக்கிய யுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் அர்ஜென்டினாக்காரர்கள். 2014ல் அதைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார்கள். 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்து உலகம் முழுக்க எதிர்ப்பைச் சம்பாதித்தபோது பலர் திரும்பிப் பார்த்தது இந்த இலவச என்ஜினைத்தான். (யூனிட்டி அடுத்த ஆண்டு அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது.) கோடோவுக்கு நிரல் எழுதித் தருபவரின் வேலை உலகத்தின் கண்முன்னே இருக்கும். ஊர், கல்லூரி, சிபாரிசு எதுவும் தேவையில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில், லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் கோர்ஸில் சேரும் முன், அங்கே கணக்கும் டேட்டா ஸ்ட்ரக்சரும் சொல்லித் தருகிறார்களா என்று விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கலாம்.

இரண்டாவது, பெரிய கனவு கேமை ஐந்து ஆண்டு இழுப்பதைவிட, சின்ன கேம்கள் மூன்றை முடித்து வெளியிடுவது மேல். கூகுள் பிளேயில் கணக்கு தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். ஒரு கேமை முடித்தவர் என்ற அடையாளம் இந்தத் துறையில் எந்தச் சான்றிதழையும்விடப் பெரியது.

மூன்றாவது, முதல் நான்கைந்து ஆண்டுகள் அடுத்தவர் சம்பளத்தில் கற்பதில் வெட்கம் எதுவும் இல்லை. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 1994ல் தொடங்கியபோது அடுத்தவர் கேம்களை விற்கும் நிறுவனம்தான். தன் சொந்த 'விட்சர்' கேமை வெளியிட்டது 2007ல். ஆனால் வேலையில் சேரும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி அதில் இருக்கலாம். வெளியான கேமின் பெயர்ப் பட்டியலில் பெயர் வருமா என்றும் கேட்டு வைப்பது நல்லது.

நான்காவது, சொந்த கேமை உள்ளூர் பாக்கெட்டுக்கு மட்டும் செய்யக் கூடாது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. இட்லியையும் பிரியாணியையும் பற்றிய அந்த கேம் 2024ல் பாஃப்டா விருது வாங்கியது. கதை எந்த ஊருடையதாகவும் இருக்கலாம், வாங்குகிறவர் எந்த நாட்டிலும் இருக்கலாம்.

விளையாட்டெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கும் அப்பாவிடம் சண்டை போடத் தேவையில்லை. முடித்த கேம் ஒன்றையும், அடுத்த இரண்டு ஆண்டுக்கான வரவு செலவுக் கணக்கு ஒன்றையும் அவர் முன்னால் வைத்தால் போதும். அந்தக் கணக்கை எழுத முடியாதவர், நிரல் எவ்வளவு நன்றாக எழுதினாலும், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து வேலையை விடுவதே நல்லது.