கடைசியில் நின்றவர்கள்

தோட்டத் திடலில் காற்பந்து ஆடும் தம்பிகளே, இந்த முறை ஒரு தோற்ற குழுவின் கதை.

ஆஸ்திரேலியக் காற்பந்தில் பந்து முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம். கோல் அடித்தால் 6 புள்ளி.

தென் ஆஸ்திரேலிய மாநிலப் போட்டியில், 1963-இல் சவுத் அடிலேய்ட் குழுவுக்குக் கடைசி இடம். 1964-இல் நீல் கெர்லி அங்கே வந்தார். குழுத்தலைவரும் அவரே, பயிற்றுநரும் அவரே. கடுமையான பயிற்சி கொடுத்தார். தாமும் இறங்கி ஆடினார். அதே ஆண்டு இறுதியாட்டத்தில் போர்ட் அடிலேய்ட் குழுவை 69-42 என்று வீழ்த்தி வாகை சூடினார்கள்!

"நம் குழு தேறாது, கலைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மாலையில் தவறாமல் பயிற்சிக்குப் போங்கள்.