பச்சை, மஞ்சள், சிவப்பு

அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருந்த யாருக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்கும். ஆண் குழந்தை என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஸ்ட்ரெச்சர் தள்ள, துணி மாற்ற, குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்ட எனத் தனித்தனியாக வேறு. எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடக்கும் இடங்களில் சுவரில் ஒரு புகார்ப் பெட்டியும் இருக்கிறது. அதில் யார் எழுதிப் போடுவார்கள்? அடுத்த மூன்று நாளும் அதே வார்டில் படுத்திருக்க வேண்டும். ராத்திரி வெந்நீருக்கு அதே ஆயாவைத்தான் கூப்பிட வேண்டும். பிள்ளை பெற்றவளைத் தனியாக நிற்கவைத்து, உன் புகார் என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள்.

அதனால்தான், புகார் தனி ஆளிடமிருந்து வரத் தேவையில்லை, ஊரே கூடிச் சொல்லட்டும் என்ற ஏற்பாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோதே, சேவை எப்படி இருக்கிறது என்பதை மக்களே கண்காணிக்க வேண்டும் என்பது அதன் திட்டத்தில் இருந்தது. 2007-ல் ஒன்பது மாநிலங்களில் அதை நடத்திப் பார்த்தார்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. தர்மபுரி, வேலூர், பெரம்பலூர், திருவள்ளூர், கன்னியாகுமரி என ஐந்து மாவட்டங்கள்.

நடைமுறை எளிமையானது. கிராமத்தில் பெண்கள் கூடுவார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை, மருந்து, மரியாதை, காசு கேட்டது என ஒவ்வொன்றாகப் பேசி, நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு என்று அட்டையில் நிறம் தீட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மதிப்பெண் போடலாம்.

தர்மபுரிப் பக்கம் அப்படியொரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். “நர்சம்மா பிரஷர் பாத்தாங்களா?” என்று நடத்துபவர் கேட்டார். “கையில பட்டி கட்டுனாங்க. எவ்வளவு இருக்குன்னு சொல்லலக்கா” என்றாள் நிறைமாதமாக இருந்த ஒரு பெண். பக்கத்தில் இருந்த மாமியார், “அதெல்லாம் நல்ல பொண்ணு, தங்கமான குணம், பச்சையே போடும்மா” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அப்போது ஓரமாக நின்றிருந்த இன்னொரு பெண், “எங்க காலனிக்கு வந்து எத்தன மாசம் ஆச்சுன்னு கேளுங்க” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, காலனிக்குத் தனி அட்டை போடுவது என்று முடிவானது. ஊர் அட்டை பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. காலனி அட்டையில் பாதிக்கு மேல் சிவப்பு.

மாவட்டச் சராசரியில் இந்தச் சிவப்பு தெரியாது. தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. தடுப்பூசியிலும் நாம் முன்னணியில் இருக்கிறோம். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால், அளந்த ரத்த அழுத்தத்தை அளக்கப்பட்டவளிடம் சொன்னார்களா என்று எந்தப் புள்ளிவிவரப் படிவமும் கேட்பதில்லை. நடந்து வந்து எட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும் தெருவுக்கு நர்ஸ் வராததும் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. அங்கே வாழ்கிறவர்கள் சொன்னால்தான் உண்டு.

அட்டை தயாரானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் நர்சும் ஊராரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நர்சம்மா அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் நிதானமாகத்தான் பேசினார். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது அரசின் அளவு. பக்கத்து இரண்டு இடங்கள் காலியாகக் கிடப்பதால் அவர் மூன்று நிலையங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இத நீங்க மேல சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா மெமோ குடுப்பாங்க” என்றார். காலனிக்கு வராததற்கு அது முழுச் சமாதானம் ஆகாது. மற்ற தெருக்களுக்குப் போக அவருக்கு நேரம் இருந்ததே. அதையும் அந்தப் பெண்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆனால், காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லும் மனுவும் அன்றே அங்கேயே எழுதப்பட்டது. கண்காணிப்பு என்றால் கீழ்மட்ட ஊழியரை மாட்டிவிடுவது என்று ஊழியர் சங்கங்கள் அஞ்சுவதுண்டு. சரியாக நடந்தால் அது அந்த ஊழியருக்கும் துணையாகும் என்பதற்கு நான் பார்த்த அந்த மேசையே சாட்சி.

மகாராஷ்டிரம் இதில் நம்மைவிட வெகுதூரம் போனது. அங்கேயும் அதே 2007-ல் அமராவதி, நந்துர்பார், உஸ்மானாபாத், புனே, தாணே என ஐந்து மாவட்டங்களில்தான் தொடங்கினார்கள். புனேயைச் சேர்ந்த ‘சாத்தி’ (SATHI) அமைப்பு ஒருங்கிணைத்தது. அட்டையோடு நிற்காமல் ‘ஜன் சுன்வாயி’ என்னும் மக்கள் விசாரணையையும் சேர்த்துக்கொண்டார்கள். 1990-களில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஊராட்சிக் கணக்கைப் பொதுவெளியில் வாசித்துக் கேள்வி கேட்ட அதே முறை. மாவட்ட அதிகாரிகள் மேடையில் இருக்க, நூற்றுக்கணக்கானோர் முன்னால் நோயாளி பேசுவார். அதிகாரி அங்கேயே பதில் சொல்ல வேண்டும். சட்டவிரோதமாக வாங்கிய பணத்தை நோயாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது வரை நடந்திருக்கிறது. கிராமச் சேவைகளில் ‘நன்று’ என்று மக்கள் மதிப்பிட்டவை முதல் சுற்றில் 48 சதவீதம். மூன்றாம் சுற்றில் 66 சதவீதம்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு, அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. உகாண்டாவில் 50 கிராமப்புறச் சமூகங்களில் ஏறக்குறைய இதே முறையைச் செய்து பார்த்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அது சொன்னது. உலகமே வியந்தது. பிறகு அதே நாட்டில் பல மடங்கு பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த அதிசயம் நிகழவில்லை. குழந்தை இறப்பில் மாற்றம் தெரியவில்லை.

மக்கள் கண்காணிப்பால் பயனில்லை என்று இதிலிருந்து சிலர் முடிவுகட்டுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மருந்து அனுப்பவோ, ஆள் நியமிக்கவோ, தப்புச் செய்தவரை மாற்றவோ அதிகாரம் உள்ளவர் வெளியே இருக்க, நர்சையும் ஊராரையும் மட்டும் ஒரு அறையில் உட்காரவைத்தால் இரு தரப்பும் பேசிக் கலையலாம், அவ்வளவுதான். மகாராஷ்டிரத்தில் மேடையில் இருந்த அந்த அதிகாரியின் நாற்காலிதான் வித்தியாசம் என்பது என் கணிப்பு.

தமிழ்நாட்டில் அந்த ஐந்து மாவட்ட முயற்சி சில ஆண்டுகளில் நின்றுபோனது. இப்போது நம்மிடம் இருப்பவை வேறு வகை. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘மேரா அஸ்பத்தால்’ திட்டத்தில், சிகிச்சை முடிந்து போனவரிடம் போன் வழியாகக் கருத்துக் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால், போனை எடுப்பவர் மறுபடியும் தனி ஆள். அவர் சொன்னது எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. உலக வங்கிக் கடனுடன் 2019-ல் தொடங்கிய சுகாதாரச் சீர்திருத்தத் திட்டத்தின் கீழ் மாவட்ட, மாநில சுகாதாரப் பேரவைகள் கூடுகின்றன. நல்ல தொடக்கம். என்றாலும், அந்தக் காலனிப் பெண் மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறி வந்து மைக் பிடிப்பாள் என்று எதிர்பார்க்க முடியாது.

அவள் பேசக்கூடிய இடம் கிராமசபை. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் இரண்டிலாவது வட்டார மருத்துவ அலுவலர் நேரில் உட்கார்ந்து, ஊர் தீட்டிய அட்டைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அரசு ஆணையிடலாம். முந்தைய கூட்டத்தில் ஒப்புக்கொண்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதிலிருந்து பேச்சு தொடங்க வேண்டும். கிராம சுகாதாரக் குழு காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கென்று நிதியும் உண்டு. மருந்துக் கணக்கு புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. 1994-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் கொடுத்துத்தான் மருந்து தருகிறது. இருப்புப் பட்டியலை வாசல் பலகையில் எழுதிவைக்கும்படி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே கேட்கலாம். மக்கள் கேட்காமலே தகவலை வெளியிடுவது பொது அலுவலகங்களின் கடமை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு 2005-லிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் தனியாகப் போக வேண்டாம். நான்கைந்து பேராகப் போங்கள்.